ரெண்டு ரொட்டியும் ஒரு மலையும்

வாடா மாப்ளே, உக்காரு. செரோக் தோக்குன் பக்கமா ஏறி மலை உச்சியைத் தொட்டுட்டு வந்தியாமே. நீ இறங்குறதுக்குள்ள உன் படம் புக்கிட் மெர்தாஜாம் பூரா இறங்கிடுச்சு.

சரி, கணக்குப் பாப்போம். மலை ஏறத்தாழ 545 மீட்டர். உன் எடை 80 கிலோன்னு வையி. மரியாதைக்குக் கொறைச்சுத்தான் சொல்றேன். பூமி கீழ இழுக்க இழுக்க, உன்னை நீயே அவ்வளவு உயரம் தூக்கியிருக்கே. 80-ஐ 9.8-ஆல பெருக்கி, அதை 545-ஆல பெருக்கு. நாலேகால் லட்சம் ஜூலுக்கு மேல வரும். மலைச்சுப் போகாதே. சாப்பாட்டுக் கணக்குல 4,184 ஜூல் சேர்ந்தாத்தான் ஒரு கலோரி. அப்ப நீ செஞ்ச வேலை நூறு கலோரி சொச்சம். ஒரு ரொட்டி சானாய்ல கிட்டத்தட்ட 300 இருக்கு.

மூஞ்சியைத் தொங்கப் போடாதே. நம்ம உடம்பு ஓட்டை இஞ்சின். நாலு பங்கு செலவழிச்சா ஒரு பங்குதான் வேலையாகும், மிச்சம் சூடாப் போயிடும். உன் பனியன் நனைஞ்சது அதனாலதான். ஆக, செலவு 400. நீ சொல்லியிருக்கிறதோ ரெண்டு ரொட்டி, அதுலயும் முட்டை போட்டு. கூட ஒரு தே தாரிக். அதை ஒரு மீட்டர் தூக்கி இழுக்கிறதுக்கு ரெண்டரை ஜூல் போதும். உள்ள போடுற கெட்டிப்பாலை நீ கரைக்கிறதுக்குத்தான் இன்னொரு தடவை ஏறணும்.

ரப்பர் தோட்டத்துல உன் தாத்தா காண்டாக் கம்புல ரெண்டு வாளி பாலைத் தோள்ல வச்சு ஸ்டோருக்கு நடப்பாரு. சமதரையில எத்தனை மைல் நடந்தாலும், வாளி மேல ஏறலைன்னா பூமி இழுக்கிறதுக்கு எதிரா அவர் செஞ்ச வேலை பூஜ்ஜியம்னு உங்க பௌதிகப் புத்தகம் சொல்லுது. நல்லவேளை, துரை அதைப் படிக்கல. படிச்சிருந்தா சம்பளத்துல புடிச்சிருப்பான்.

ஏறுறப்ப சேத்த நாலு லட்சம் எங்க போச்சுன்னு கேக்கலியே? ஜூல்னு ஒரு வெள்ளைக்காரர், பீர் காய்ச்சுற குடும்பம், 1840-கள்ல எடைக்கல்லைக் கீழ எறங்கவிட்டு, அந்த வேகத்துல துடுப்பைச் சுத்தி, தண்ணி சூடாகுதுன்னு காட்டினாரு. நீ இறங்கறப்ப அந்தத் தண்ணியோட வேலையை உன் தொடை பாத்துச்சு. நாளைக்குக் காலையில குந்தி உக்காரு, ரசீது வரும்.

ரொட்டி வந்துடுச்சு. ஒண்ணை இந்தப் பக்கம் தள்ளு. எனக்குப் பசியில்ல, உன் கணக்கு இடிக்குதேன்னுதான்.