உளியும் ஹைட்ரஜன் குண்டும்

பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் தாத்தா வாரம் ஒருமுறையாவது பால்வெட்டும் உளியைத் தொலைப்பார். பெரட்டுக்கு மணி அடித்துவிடும், லயமே ரகளைப்படும். "கட்டிலுக்கடியில பார்த்தாச்சு, இல்ல" என்பார், கண்ணாடி போடாமல். பாட்டி அசர மாட்டார். "நீங்க பார்த்தா பாதிதான் பார்த்த மாதிரி."

அந்தப் பாதியில்தான் கணக்கே இருக்கிறது. உளி கட்டிலடியில் இருக்க நூற்றுக்கு 60, ஒட்டுப்பால் சாக்கில் இருக்க 40 என்று வைப்போம். கண்ணெதிரே இருக்கிற பொருளும் தாத்தாவுக்கு இரண்டில் ஒரு தடவைதான் தட்டுப்படும். அவர் 'இல்ல' என்றதும் கட்டிலடி சைபர் ஆகிவிடாது. 43-க்கு இறங்கும், சாக்கு 57-க்கு ஏறும். ஆகவே முதலில் சாக்கை உதறு, அப்புறம் மறுபடி கட்டிலடி. இதற்கான வழியை எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனார் தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். அவருடைய காகிதக் கட்டிலிருந்து நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் தேடியெடுத்து 1763-ல் அச்சேற்றினார். தேடல் கணக்கையே தேட வேண்டியிருந்தது!

அமெரிக்கத் துரைமார் தொலைத்தது உளி அல்ல. 1966 ஜனவரி 17-ல், ஸ்பெயினின் பாலோமாரஸ் கிராமத்துக்கு மேலே, அவர்களுடைய குண்டுவீச்சு விமானம் தனக்கு எண்ணெய் ஊற்ற வந்த விமானத்தோடு மோதியது. ஏழு பேர் மாண்டார்கள்; அதில் சிரிக்க ஒன்றுமில்லை. பிறகு நடந்த தேடலில் உண்டு. நான்கு ஹைட்ரஜன் குண்டுகளில் மூன்று தரையில் அகப்பட்டன. நாலாவதற்காகக் கணக்குக்காரர்கள் கடலைக் கட்டம் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் வாய்ப்பு எழுதினார்கள். பாராசூட்டோடு அது விழுந்த இடத்தைப் பார்த்ததாக பிரான்சிஸ்கோ சிமோ ஓர்ட்ஸ் என்ற மீனவர் சொன்னார். கிராணி பேச்சுக்கு முன்னால் பால்வெட்டுக்காரன் பேச்சு உடனே எடுபடுமா?

கடைசியில் அவர் காட்டிய பக்கம்தான். மார்ச் 15-ல் ஆல்வின் என்ற குட்டி நீர்மூழ்கி அதைக் கண்டது. 24-ல் தூக்கும்போது கயிறு அறுந்து, குண்டு மறுபடி தொலைந்தது. எங்கள் தாத்தாகூட கைக்கு வந்த உளியை அப்படித் தவறவிட்டதில்லை. ஏப்ரல் 2-ல் திரும்பவும் கண்டுபிடித்து, 7-ல் மேலே ஏற்றினார்கள். எடுக்கப்போன இயந்திரம் பாராசூட்டில் சிக்கிக்கொள்ள, இரண்டையும் சேர்த்தே இழுக்க வேண்டியதாயிற்று.

சிமோ சும்மா இருக்கவில்லை. கண்டெடுத்தவன் பங்கைக் கேட்டு, அமெரிக்காவின் முன்னாள் தலைமை வழக்கறிஞர் ஹெர்பர்ட் பிரவுனெல்லையே வக்கீலாகப் பிடித்தார்.

சாக்கிலிருந்து உளியை எடுத்துக் கொடுத்த அன்று பாட்டி கேட்டது ஒரு கட்டு வெற்றிலை. தாத்தா உளியைக் கூர் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான்தானே அங்க வச்சேன்."