கட்டுத்தரையில ஒரு பரீட்சை

வாங்க மாப்ள, உக்காருங்க. ஜெர்சி மாடு வாங்கி, கொட்டாயிக்கு பேன், தரைக்கு சிமெண்ட்டு, மூலைக்கு மூலை கேமரா, காதுக்கு இளையராஜா பாட்டுன்னு அமர்க்களப்படுத்திட்டீங்களாமா. ஊரே சொல்லுது. மாடு என்ன சொல்லுதுன்னு நேத்து சாயங்காலம் எட்டிப் பாத்தேன்.

பாட்டு ஜோரு. மாடு நின்னுக்கிட்டே கேட்டுச்சு. கச்சேரிக்குக் காட்டுற மரியாதைன்னு நெனைச்சுக்காதீங்க. சொகமா இருக்கிற கறவை மாடு நாளைக்கு 10, 12 மணி நேரம் படுத்துக் கெடக்கும். உங்க மாடு ஏன் படுக்கலைன்னு தெரியணுமா? வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அந்த சிமெண்ட்டு மேல நீங்களே முட்டியைப் போட்டுத் தொப்புனு விழுந்து பாருங்க. வலிச்சா அதுக்கும் வலிக்கும். எந்திரிக்கிறப்ப முட்டி நனைஞ்சிருந்தா ஈரத்துக்கும் பதில் கெடைச்சாச்சு. பின்னங்கால் முட்டியில மயிரு உதிர்ந்து வீங்கியிருக்குதே, கேமராவுல அது மச்சமாத் தெரியுதோ என்னமோ!

இடப்பக்கம் கடைசி விலாவுக்குப் பின்னால ஒரு குழி இருக்கும் பாருங்க. அது உள்ள இழுத்துக் கெடந்தா இன்னைக்கு வயிறு நெறையலைன்னு அர்த்தம். உங்க வீட்டுல தீவன மூட்டை திண்ணை நெறைய இருக்குது, மாட்டுக்குள்ளதான் காணோம். விலா ஏறி எறங்குறதையும் எண்ணுங்க. நெழல்ல சும்மா நிக்கிறப்பவே நிமிஷத்துக்கு 60 தாண்டுனா வெக்கை தாங்கலைன்னு வெச்சுக்கலாம். பேனு உங்க நாற்காலியைப் பாத்துத்தானே சுத்துது?

இன்னொண்ணு. கையை முன்னால நீட்டிக்கிட்டு, மெதுவா மூஞ்சிக்கு நேரா நடந்து போங்க. மூக்கைத் தொட விட்டா உங்களை நம்புது. எத்தனை அடியில பின்வாங்குதோ அத்தனை அடி பயம். வெளிநாட்டுல இந்தத் தூரத்தையும் அளந்துதான் பண்ணைக்கே மார்க்கு போடுறாங்கன்னு நம்ம கால்நடை டாக்டரு சொன்னாரு. நேத்து உங்களைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கிச்சு, உங்க சம்சாரம் வந்ததும் கழுத்தை நீட்டுச்சு. குடும்ப விஷயம், எனக்கெதுக்கு!

அந்த டாக்டரே இன்னொரு கதையும் சொன்னாரு. இங்கிலாந்துல பிராம்பெல்னு ஒரு பேராசிரியர் தலைமையில போட்ட கமிட்டி 1965-ல அறிக்கை குடுத்துச்சாம். பண்ணையில வளர்ற சீவன் எதுவா இருந்தாலும் எந்திரிக்க, படுக்க, திரும்ப, உடம்பைச் சுத்தம் பண்ணிக்க, கைகாலை நீட்ட எடம் வேணும்னு எழுதி வெச்சாங்களாம். பசி, பயம், வலி, நோவு இல்லாம இருக்கணுங்கிற மாதிரி இன்னைக்கு எல்லாரும் சொல்ற அஞ்சு சுதந்திரமும் அதுல மொளைச்சதுதான். நம்ம மாட்டுக்கு எழுத்துத் தெரியாததால நீங்க தப்பிச்சீங்க. தெரிஞ்சிருந்தா, நீங்க கட்டியிருக்கிற அந்த ரெண்டு முழக் கயித்துக்கே கேஸ் போட்டிருக்கும்.

நாளைக்கு விடிஞ்சதும் கயித்தை நீட்டுங்க. தண்ணித் தொட்டியை வாய்க்கு எட்டுற மாதிரி நகர்த்தி வைங்க. தரையில ரப்பர் மெத்தை போடுங்க, இல்லாட்டி வைக்கோலையாவது கனமாப் பரப்புங்க. காசு பத்தலைன்னா ரெண்டு கேமராவைக் கழட்டி வித்துடுங்க, மாப்ள.