பெட்ரோல் பங்கில் இஞ்சி டீ

எடிசன், நியூ ஜெர்சி
ஜனவரி மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் மூட்டுவலி தேவலையா? போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் அத்தை போனை வாங்கிக்கொண்டார். "அந்த ஊர்ல யாரும் யாரையும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்களாமே?" என்று கேட்டீர்கள். பார்க்கிறார்கள் மாமா. என் கஷ்டமே அதுதான்.

கடையோ ஆபீஸோ, எனக்கு முன்னால் போகிறவர் கதவைத் திறந்ததும் பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். நான் எங்கோ கார்களுக்கு நடுவே மளிகைப் பைகளோடு வந்துகொண்டிருப்பேன். என்னைப் பார்த்துவிட்டால் போச்சு, கதவைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நிற்பார். பாவம், குளிரில் நிற்கிறாரே என்று நான் ஓட வேண்டும். மூச்சு வாங்க 'தேங்க்யூ' சொல்லி உள்ளே போனால் அங்கே இரண்டாவது கதவு. அதைப் பிடிப்பது என் முறை. டாக்டர் என்னைத் தினமும் ஓடச் சொல்லியிருக்கிறார். யார் யார் புண்ணியத்திலோ அது நடந்துவிடுகிறது.

நான் சொல்ல வந்தது பெட்ரோல் பங்க் கதை. அமெரிக்காவில் மற்ற ஊர்களில் காரை விட்டு இறங்கி நாமேதான் பெட்ரோல் போட்டுக்கொள்ள வேண்டும். நியூ ஜெர்சியில் மட்டும் அப்படிப் போட்டால் குற்றம்! 1949லிருந்து சட்டம். அந்தக் காலத்தில் ஹேக்கன்சாக்கில் ஒருவர், "நீங்களே போட்டுக்கோங்க, விலையில் குறைச்சுக்கறேன்" என்று ஒரு பங்க் திறந்தார். கூட்டம் அங்கே அலைமோத, மற்ற பங்க்காரர்கள் வயிறு எரிந்து மாநிலத் தலைநகர் டிரென்டன் வரை போய் அதற்குத் தடை வாங்கிவிட்டார்கள். வெளியே சொன்ன காரணம், தீ விபத்து பயம். ஓரிகான் மாநிலத்திலும் இதுமாதிரி ஒரு தடை இருந்தது. 2023ல் அவர்கள் கைகழுவிவிட்டார்கள். இப்போது நாங்கள் மட்டும்தான் மகாராஜா போல உள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம்.

போன மாதம் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குக் கிளம்பி, வழியில் பங்கில் நின்றோம். ஊசிக் காற்று. போடுகிறவர் பஞ்சாபி, குர்தாஸ்பூர்ப் பக்கம். தலைப்பாகை, அதற்குமேல் கோட்டின் குல்லாய். கார்டு தேய்க்க வசதியாகக் கையுறையில் விரல் நுனிகளை வெட்டிவிட்டிருந்தார். வெளியே தெரிந்த அந்த நுனிகள் வெளுத்துப்போயிருந்தன. நான் கண்ணாடியை நாலு விரல் அகலம் இறக்கிக் கார்டை நீட்டிவிட்டு, வெப்பம் வெளியே போய்விடப் போகிறதே என்று உடனே ஏற்றிவிட்டேன். அவர் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் உங்கள் மருமகள். மடியில் இஞ்சி தட்டிப்போட்ட டீ, பிளாஸ்க்கில்.

"அவருக்கு ஒரு கப் கொடுங்க."

"சும்மா இரு. என்ன நினைப்பாரோ. வேலை நேரத்துல குடிக்கலாமோ கூடாதோ. சர்க்கரை இருந்தா?"

"நீங்க டீ கொடுக்கறீங்களா, பொண்ணு கொடுக்கறீங்களா? இவ்வளவு விசாரிக்கறீங்க!"

அவளே இறங்கிப் போய்க் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் கப்பைப் பொத்தி வாங்கினார். உடனே குடிக்கவில்லை, ஆவியை முகத்தில் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒரு வாய் குடித்தார். "அத்ரக்!" (இஞ்சியாம்) என்று அடுத்த பம்ப்பில் இருந்தவரைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், லாட்டரி விழுந்தவர்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டார். பிறகு வாளியும் துடைப்பானுமாக வந்து முன் கண்ணாடி, பின் கண்ணாடி, பக்கத்துக் கண்ணாடிகள் என்று துடைத்துத் தள்ளிவிட்டார். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் காதில் விழவேயில்லை.

ஆஸ்டினில் இருக்கும் என் மச்சினனிடம் இதைச் சொன்னேன். "இதுக்கு ஆராய்ச்சியே இருக்கு அத்திம்பேர்" என்றான். அவன் ஊரில், டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் அப்போது அமித் குமார் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். அவரும் சிகாகோவின் நிக்கோலஸ் எப்லியும் சேர்ந்து செய்தது, 2022ல் வெளிவந்தது. சிகாகோவில் மேகி டேலி பூங்கா; பனிக்காலத்தில் ஜனங்கள் சறுக்கி விளையாடும் இடம். அங்கே 84 பேரைப் பிடித்து, "சூடாக ஒரு கப் சாக்லேட் பானம் தருகிறோம், நீங்களே குடிக்கலாம், இல்லையென்றால் முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுத்துவிடலாம்" என்றார்களாம். 75 பேர் கொடுத்துவிட்டார்கள். பிறகு கொடுத்தவரிடம், "வாங்கினவருக்கு எவ்வளவு சந்தோஷம் இருக்கும்?" என்று மதிப்புப் போடச் சொன்னார்கள். வாங்கினவரையும் தனியாகக் கேட்டார்கள். கொடுத்தவர் போட்ட கணக்கு சராசரியாகக் குறைச்சல். ஒரு கப் பானம்தானே என்று அவர் பானத்துக்கு மட்டும் விலை போட்டிருக்கிறார். யாரோ ஒருவர் நம்மை நினைத்தாரே என்கிற கணக்கு வாங்கினவருக்கு மட்டும்தான் தெரியும்.

"ஒரு கப் காப்பிக்கு யுனிவர்சிட்டியா?" என்று நீங்கள் கேட்பது இங்கேயே காதில் விழுகிறது. நம் மணப்பாறைப் பக்கம் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டவர்கள் எந்த ஆராய்ச்சியும் செய்யவில்லைதான். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இரண்டு கல்லை ஊன்றி, தலைச்சுமைக்காரி பிறர் உதவி இல்லாமல் இறக்கி ஏற்றுகிற உயரத்தில் மேலே ஒரு கல்லைக் கிடத்தினார்கள். யார் வந்து இறக்கினார், மனசு எப்படி இருந்தது என்று அவர்கள் காத்திருந்து கேட்கவில்லை. எனக்கென்னவோ அவர்கள் இந்தப் பேராசிரியர்களையும் முந்திவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

கலிஃபோர்னியாவில் இருக்கும் உங்கள் மகளிடம் பேசினால் ஒன்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் பக்கம் பாலத்துச் சுங்கத்தில் பின்னால் வருகிற காருக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டுப் போகிற வழக்கம் ஒரு காலத்தில் பிரபலம். 2013ல் கோல்டன் கேட் பாலத்தில் சுங்கம் வாங்கும் ஆட்களையே எடுத்துவிட்டார்கள். கேமரா நம்பரைப் படித்துக்கொள்கிறது. கேமராவிடம் போய், "பின்னாடி வர்றவருக்கும் சேர்த்து எடுத்துக்கோ" என்று எப்படிச் சொல்வது? எங்கள் ஊர்க்காரர்கள் பொறாமையில் வாங்கின சட்டம்தான், ஆனாலும் பம்ப் பக்கத்தில் ஒரு மனிதரை இன்னும் விட்டு வைத்திருக்கிறது.

நீங்கள் அனுப்பிய முறுக்கில் பாதி பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குப் போயிற்று. பனி கொட்டினால் தன் மெஷினை உருட்டிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டு நடைபாதையையும் சொல்லாமல் கொள்ளாமல் சுத்தம் செய்கிறவர் அவர். பல்செட்டு என்ன ஆகுமோ என்று பயந்தேன். காப்பியில் தோய்த்துச் சாப்பிடுகிறார். நல்லவேளை நீங்கள் பார்க்கவில்லை.

பங்கில்தான் நிலைமை கைமீறிவிட்டது. இப்போது எங்கள் காரைப் பார்த்ததும் இரண்டு பேர் வருகிறார்கள். முந்தாநாள் மூன்றாவதாக ஒருவர், குஜராத்தி, "உங்க டீயைப் பத்தி ரொம்பச் சொல்றாங்க" என்று அறிமுகம் செய்துகொண்டார். அவர் அந்தப் பங்கில் வேலையே செய்யவில்லை, எதிர்க்கடை. உங்கள் மருமகள் பெரிய பிளாஸ்க் வாங்கிவிட்டாள். டேங்க் பாதி இருக்கும்போதே, "பெட்ரோல் போடணுமே" என்கிறாள்.

தை பிறந்ததும் எதிர்வீட்டுப் பையன் இங்கே வருவதாகச் சொன்னீர்களே, அவனிடம் கால் கிலோ ஏலக்காய் கொடுத்தனுப்புங்கள். பச்சையாக, பெரிசாகப் பார்த்து வாங்கவும். டீயில் இஞ்சி மட்டும் இருந்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார் குஜராத்தி.

அத்தைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மருமான்