சீசன் இல்லாத சானமாவு

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மைத்துனன், நண்பர்களோடு பாய்மரப் படகு பிடித்து ஒரு கிரேக்கத் தீவுக்குப் போய் வந்தான். அதுவும் நவம்பரில். "ஆஃப் சீசன் மாமா! கடையெல்லாம் சாத்தியிருக்கும். கடற்கரையில நாங்களும் பூனைகளும்தான்" என்று பூரித்தான். "சாத்தின கடையைப் பாக்கவா இவ்வளவு செலவு? ஊரடங்கு அன்னிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தா சும்மாவே பாத்திருக்கலாமே" என்றாள் அவன் அக்கா.

ஆனால் அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. எங்களுக்கும் ஒரு தீவு உண்டு: ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கும் சானமாவு காடு. ஒரு திசையில் லாரிகள் ஓயாத 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. மற்ற திசைகளில் தக்காளித் தோட்டம், ரோஜா வளரும் பசுமைக்குடில், மனை விற்பவர்கள் நட்ட கலர் கொடி. காட்டைச் சுற்றிக் கடல் இல்லை, அவ்வளவுதான்.

இந்தத் தீவுக்கும் சீசன் உண்டு. வருகிறவர்கள்தான் மனிதர்கள் இல்லை. ராகி கதிர் பிடிக்கும் அக்டோபர், நவம்பரில் கர்நாடகத்துப் பன்னர்கட்டா பக்கத்திலிருந்து புறப்பட்டு, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைகள் குடும்பத்தோடு வந்து இறங்கும். வயதான பெண் யானைதான் டூர் மேனேஜர். எங்கே தங்குவது, எப்போது கிளம்புவது எல்லாம் அந்த அம்மா முடிவு. பகலில் காட்டுக்குள் ஓய்வு, இருட்டியதும் ராகி வயலில் பஃபே. சானமாவு அலுத்துவிட்டால் ஒரே ராத்திரியில் நெடுஞ்சாலையைத் தாண்டிப் போடூர்பள்ளம் காட்டுக்கு ஒரு சைட் ட்ரிப். மாநில எல்லையில் பட்டாசு வெடித்து வழியனுப்பினால், மரியாதை என்று நினைத்தோ என்னவோ, சில நாளில் திரும்பி வந்துவிடும். பத்திரிகையில் 'யானைகள் முகாம்' என்று செய்தி வரும். மனிதர்கள் பத்து நாள் தங்கினால் வாடகை கேட்பார்கள்.

கிரீஸில் ஹைட்ரா என்றொரு தீவில் காரும் பைக்கும் ஓடக் கூடாதாம். கழுதையில்தான் சாமான் போகிறது. மைத்துனன் இதைப் பெரிய அதிசயமாகச் சொன்னான். டிசம்பரில், இருட்டிய பிறகு, சானமாவு வளைவில் வந்து பார்க்கட்டும். சட்டமே போட வேண்டாம், வண்டிகள் தானாக நிற்கும்.

ஆகவே புத்திசாலிகள் சானமாவுக்கு மே மாதம்தான் போக வேண்டும். நான் போனது டிவிஎஸ் எக்ஸ்எல்லில். 1980இல் இதே ஓசூரில் பிறந்த டிவிஎஸ் 50இன் வம்சம். எதிர்க்காற்றில் வேட்டி உப்பிக்கொண்டு வண்டியைப் பின்னுக்கு இழுத்தது. பாய்மரத்தின் தத்துவம் அங்கேயே புரிந்துவிட்டது.

காட்டுக்குள் நுழைய அனுமதி கிடையாது. ஓரத்து ஊரில் தெரிந்த விவசாயி ஒருவரின் நிலத்தில் இறங்கினேன். உழுது போட்ட செம்மண், ஒரு புளியமரம், அதன் கிளையில் ராக்காவலுக்குக் கட்டிய பரண். ஏணியில் ஏறிப் பார்த்தேன். கோணிப்பை மெத்தை, தட்டித் தட்டிக் குழிந்துபோன எண்ணெய் டின், நமத்துப்போன பட்டாசுக் கட்டு, பெரிய டார்ச். டார்ச்சின் பின்மூடியை சைக்கிள் டியூபால் இறுக்கியிருந்தது. பெரியவர் அந்த மெத்தை மேல் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"யானைதான் போயிடுச்சே, இன்னும் ஏன் பரண்ல?" என்று எழுப்பிக் கேட்டேன்.

"வீட்ல தூக்கம் வரலைப்பா. நாலு மாசம் இங்கியே பழகிட்டனா, கட்டில்ல படுத்தா எவனோ என் ராகியைத் திங்கற மாதிரியே இருக்குது."

கீழே இறங்கி வந்து செந்தூரா மாம்பழம் அறுத்துக் கொடுத்தார். சீசனில் வந்திருந்தால் இந்த உபசாரம் கிடைத்திருக்காது. அப்போது அவருக்கு என்னைவிட முக்கியமான விருந்தாளிகள். ஒரு யானை ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ வரை தின்னும். மிச்சத்தை மிதித்துவிட்டும் போகும். இழப்பீட்டு மனுவோடு வைக்க எடுத்த போட்டோக்களைத் தன் செல்போனில் காட்டினார்: சாய்ந்த தாள், பக்கத்தில் முறம் அகலக் காலடி, அளவுக்கு அவருடைய செருப்பு. மைத்துனன் காட்டிய பூனைப் படங்களைவிட நன்றாகவே எடுத்திருந்தார்.

"மொத்தமும் போயிடுச்சா?"

"ஒண்ணு இருக்குதாம். ஒத்தை ஆண். கூட்டம் போனப்புறம் நிம்மதியா இருக்கலாம்னு தங்கிடுச்சு."

ஆஃப் சீசன் ரசிகர் எங்கும் உண்டு போலிருக்கிறது. நான் வண்டிச் சாவியைத் தேடினேன்.

"யானைக்குப் பிடிச்ச பயிரைப் போடாதீங்கன்னு சொல்றாங்களே. இந்த வருஷமாவது ராகியை விட்டுட்டு வேற எதாவது போடறீங்களா?"

பெரியவர் மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுங்களுக்காவது காடு இருக்குது. ராகி போடலைன்னா களிக்கு நான் எங்க போறது?"