உறவுமுறைக் கட்டத்தில் இடம் போதவில்லை

பெறுநர்:
க்ளெய்ம் பிரிவு மேலாளர் அவர்கள்,
ஆண்டு தவறாமல் எங்களிடம் பிரீமியம் வாங்கும் காப்பீட்டு நிறுவனம்.

ஐயா,

என் கார் பாலிசியை முழுதாகப் படித்துவிட்டேன். படிப்பதற்காகவா அச்சடித்தோம் என்று நீங்கள் பதறுவது புரிகிறது, பொறுத்தருள்க.

ஓட்டுநர் பற்றிய பத்தியில் உங்கள் தாராள மனசைக் கண்டு நெகிழ்ந்துபோனேன். நான் மட்டுமல்ல, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள எவரும் என் வண்டியை ஓட்டலாமாம். அதை நம்பித்தான் சென்ற முகூர்த்தத்தன்று, மாப்பிள்ளை வீட்டாரை ரயிலடியிலிருந்து அழைத்துவரச் சாவி கேட்ட பையனிடம் சாவியைக் கொடுத்தேன். திரும்பி வரும்போது மண்டபத்து கேட் தூணில் பம்பரைத் தேய்த்துவிட்டான்.

உங்கள் படிவம் வந்தது. 'ஓட்டியவருக்கும் உரிமையாளருக்கும் உள்ள உறவு' என்று கேட்டு ஒன்றரை அங்குலம் இடம் விட்டிருக்கிறீர்கள். அவன் என் மனைவியின் சித்தப்பாவுடைய மூத்த மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட தம்பி. கட்டத்துக்குள் அடங்குவது 'தம்பி' மட்டும்தான். அப்படி எழுதினால் அப்பா பெயர் ஏன் வேறாக இருக்கிறது என்று சர்வேயர் கேட்பார்.

அடுத்த கட்டங்கள் இன்னும் விசேஷம். லைசென்ஸ் எண் என்ன, எந்தத் தேதி வரை செல்லும், மது அருந்தியிருந்தாரா? ஐயா, கல்யாண வீட்டில், "தம்பி, லைசென்ஸை எடு, அப்படியே வாயை ஊது" என்று நான் கேட்டிருந்தால் மூத்த மாப்பிள்ளை பந்தியில் உட்கார்ந்திருக்க மாட்டார். அவரைச் சமாதானப்படுத்த உங்கள் பாலிசியில் ஆட்-ஆன் ஏதும் காணோம். கேட்காமல் கொடுத்தாலோ சட்டம் காத்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாதவர் கையில் வண்டியைக் கொடுத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 180-ஆவது பிரிவின்படி 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. ஓட்டியவன் 18 வயது நிரம்பாதவன் என்றால், 2019 திருத்தத்தின்படி மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாயும்.

உரிமையாளர் தெரிந்தே தவறு செய்தார் என்று நிரூபிப்பது உங்கள் வேலை என்று 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சிரமம் உங்களுக்கு எதற்கு? முகூர்த்த நாள்களில் மண்டப வாசலில் ஓர் அதிகாரியை நிறுத்துங்கள். பன்னீர் தெளிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தருகிறோம், சாப்பாடும் உண்டு.

அப்புறம் அந்த 15 லட்சம் ரூபாய் 'உரிமையாளர்-ஓட்டுநர்' விபத்துக் காப்பீடு. எதிர்வீட்டுக் கார் அம்மணி பெயரில் இருக்கிறது. அவருக்கு லைசென்ஸ் இல்லை, ஆகவே அது அவருக்குக் கிடையாது. தினமும் ஓட்டுகிற வீட்டுக்காரர் ஆர்.சி. புத்தகத்தில் இல்லை, ஆகவே அவருக்கும் கிடையாது. அந்த வீட்டில் பத்திரமாக இருப்பது கார் ஒன்றுதான்.

என் பம்பருக்கு வருகிறேன். ஐந்தாண்டு க்ளெய்ம் கேட்காமல் இருந்ததால் 50 சதவீத நோ-க்ளெய்ம் போனஸ் (என்.சி.பி.) சேர்த்து வைத்திருக்கிறேன். பெயின்ட் உரசலுக்குக் கை நீட்டினால் அடுத்த ரெனிவலில் அது பூஜ்யம். கட்டாயக் கழிவாக 1,000 ரூபாயும் என் கையிலிருந்து போகும். ஓட்டுவது யாராக இருந்தாலும் சரி, போவது என் போனஸ்தான். பட்டறை அண்ணன் 2,500 ரூபாயில் முடித்துத் தருகிறேன் என்கிறார், உறவுமுறையும் கேட்கவில்லை. எனவே படிவத்தை நிரப்பாமலே இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் 'ஃபுல் கவர்' வாடிக்கையாளர்

பின்குறிப்பு: வண்டியை விடும்போது பையன் 500 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு, பின்சீட்டில் ஒரு தாம்பூலப் பையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சொந்தக் காரை வாடகைக்கு விட்டால் காப்பீடு கிடையாது என்று பாலிசி சொல்கிறது. பையிலுள்ள தேங்காய் வாடகைக் கணக்கில் வருமா என்று பதில் போடவும். அதுவரை சட்னி அரைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.