கொத்தும் உதிரியும்: வாங்குமுன் வாயில் போடுதல் குறித்து ஓர் ஆய்வு

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களில் ஆய்வேடுகளுக்குப் பஞ்சமில்லை. சங்க இலக்கியத்தில் பூக்கள், பறவைகள், அணிகலன்கள் என்று அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் தள்ளுவண்டி ஓரம் நின்று, விலை கேட்கும் சாக்கில் ஒரு திராட்சையைக் கிள்ளி வாயில் போட்டு, முகத்தைச் சற்றே சுளித்து, "வர்றப்ப வாங்கிக்கறேன்" என்று நகரும் அருங்கலையைப் பற்றி உருப்படியாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வின் எல்லை: காய்கறிச் சந்தை, மளிகைக் கடை, பழவண்டி, ஏ.சி. போட்ட பெரிய கடை. கல்யாணப் பந்தி விலக்கப்பட்டது. அங்கே விற்போரும் வாங்குவோரும் இல்லை. மொய் எழுதுகிறவர்கள் இதை மறுக்கக்கூடும். அது தனி ஆய்வு.

சோதனை எல்லாம் வாயால்தான் நடக்கிறது என்று நினைப்பது முதற்பிழை. தேங்காய்க்குக் காது. வெண்டைக்காய்க்கு விரல்: நுனி 'டக்'கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்து கொடுத்தால் முற்றல். இச்சோதனையில் ஒரு முறையியல் சிக்கல் உண்டு. ஒடித்துப் பார்த்த பிஞ்சைத் தன் கூடையில் போடாமல் குவியலிலேயே விட்டுவிட்டால், அடுத்து வருகிறவர் "யாரோ கழிச்சுப் போட்டது" என்று அதை ஒதுக்குகிறார். நல்ல காய் என்று நிரூபிக்கப்பட்ட குற்றத்துக்காக அந்தக் காய் மாலைவரை விலைபோகாமல் கிடக்கிறது. "ஒடிக்காதீங்கக்கா" என்று கடைக்காரம்மா கத்துவதில் நியாயம் இருக்கிறது.

சுரைக்காய்க்கு நகம். நகம் சட்டென்று இறங்கினால் இளசு, வாங்கலாம். இதில்தான் வேடிக்கை. கசக்கும் சுரைக்காய் வயிற்றைக் கலக்கி ஆளையே சாய்க்கக்கூடியது. சாறு பிழியுமுன் ஒரு துண்டை வாயில் வைத்துப் பாருங்கள், கசந்தால் தூக்கி எறியுங்கள் என்று ஐ.சி.எம்.ஆர். அமைத்த வல்லுநர் குழுவே அறிவுறுத்தியிருக்கிறது. ருசி பார்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்தே உத்தரவு வந்த காயை நாம் நகத்தோடு விட்டுவிட்டு, யாரும் சொல்லாத திராட்சையில் கை வைக்கிறோம்.

வாய்ச்சோதனையின் செவ்வியல் வடிவம் மளிகைக் கடையில் இருக்கிறது. மூட்டையில் கைவிட்டு நாலு அரிசியை எடுத்து முன்பல்லில் கடித்தால், பழைய அரிசி நறுக்கென்று உடையும். புது அரிசி மாவாகிப் பல்லில் ஒட்டும். வெல்லத்தில் ஒரு சில்லு உடைத்து நாக்கில் வைப்பது இனிப்பைப் பார்க்க அல்ல, உப்புக் கரிக்கிறதா என்று பார்க்க. உவர் நிலத்துக் கரும்பு வெல்லமான பிறகும் தன் ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும். இவை மரியாதையான சோதனைகள்; கடைக்காரரே சில்லை உடைத்து நீட்டுவார். வறுத்த நிலக்கடலை மட்டும் விதிவிலக்கு. முதல் கடலை சோதனை. இரண்டாவது, முதல் முடிவை உறுதி செய்ய. எந்த அறிவியலாரும் ஒற்றைச் சோதனையை நம்புவதில்லை. மூன்றாவதிலிருந்து அது சிற்றுண்டி.

திராட்சைக்கு வருவோம். மா, வாழை, சப்போட்டா எல்லாம் பறித்த பிறகும் பழுக்கும். இன்று சப்பென்று இருப்பது இரண்டு நாளில் இனிக்கலாம். திராட்சை அப்படியல்ல. கொடியிலிருந்து வெட்டிய நேரத்தோடு அதன் இனிப்பு முடிவாகிவிட்டது; வீட்டில் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாலும் மாறாது. ஆகவே திராட்சையை வாயில் போட்டுப் பார்ப்பதற்கு அறிவியல் நியாயம் உண்டு. வாழைப்பழத்துக்கு இல்லை, அங்கே மாதிரியும் சரக்கும் ஒன்றே.

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையையே எடுத்துக்கொள்வோம். வண்டியின் நடுவில் கொத்துகள். ஓரத்தில் ஒரு சாக்கின் மேல் உதிரி, விலை குறைவு. "கொத்துல கை வைக்காதீங்கண்ணே, உதிரியில எடுத்துப் பாருங்க" என்கிறார் வண்டிக்காரர். பெருந்தன்மை என்று தோன்றும். நன்றாகப் பழுத்தது சீக்கிரம் காம்பை விடும் என்பதை நினைவில் கொள்க. உதிரியைத் தின்றுவிட்டுக் கொத்தை வாங்குகிறவர், வகுப்பின் முதல் மாணவனைப் பார்த்துவிட்டுப் பள்ளியையே மெச்சும் கல்வி அதிகாரி. புள்ளியியலார் இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வண்டிக்காரருக்குப் பெயர் தெரியாது, வேலை தெரியும்.

பன்னீரில் விதை உண்டு. வாங்குபவரின் மனத்தை அறிய இதைவிட நல்ல கருவி கிடையாது. வாங்கும் எண்ணம் உள்ளவர் விதையை உள்ளங்கையில் துப்பி, அந்தக் கையை மூடியபடியே பேரம் பேசுவார். எண்ணம் இல்லாதவர் விதையையும் விழுங்கிவிட்டு நகர்வார். பழம் தேனாகவே இருந்தாலும் "லேசாப் புளிக்குதே" என்பதுதான் மரபு. "இந்த வெயிலுக்கு இந்தப் புளிப்புதாண்ணே வேணும்" என்பது மரபான மறுமொழி. யாரும் பொய் சொல்லவில்லை. இருவரும் பேசுவது பத்து ரூபாயைப் பற்றி.

சட்டையில் துடைத்துவிட்டுத் தின்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பழத்தின் மேல் சாம்பல் படிந்தாற்போல் இருப்பது பழமே உண்டாக்கும் மெழுகு. அதைத் துடைத்தெடுத்துவிட்டு மருந்து போயிற்று என்று மகிழ வேண்டாம். மருந்து கண்ணுக்குத் தெரியாது, சட்டைக்கும் அசையாது.

இனி ஆய்வின் மையக் கருத்து. எடுத்துத் தின்பது வேறு, கொடுத்துத் தின்பது வேறு. நாமாகக் கிள்ளி எடுத்தது வெறும் பழம். அவர் கையால் கொடுத்தது கடன். பண்ருட்டிப் பக்கம் சாலையோரத்தில் பலாச்சுளை ஒன்றை நீட்டுவார்கள். அதைத் தின்றுவிட்டு வெறுங்கையோடு கார் ஏறத் தனி நெஞ்சுரம் வேண்டும். குழந்தையைக் கூட்டிப்போனால் தீர்ந்தது: "பாப்பா, இந்தா" என்று ஒரு பழம் பிஞ்சுக் கைக்குப் போகும்போதே அரைக் கிலோ விற்றுவிட்டது, எடை போடுவதுதான் பாக்கி. இதை அறிந்த மூத்தோர் கொடுப்பதை வாங்குவதே இல்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "இனிக்குமா?" என்று மட்டும் கேட்பார்கள். எந்தக் காலத்திலும் "இனிக்காது" என்று பதில் வந்ததில்லை.

இங்கே சபரியைச் சாட்சிக்கு இழுப்போர் உண்டு. கடித்துப் பார்த்த கனியை ராமனுக்குக் கொடுத்த கதை வால்மீகியில் கிடையாது; பின்னால் பக்தி மரபில் வளர்ந்தது. இருக்கட்டும். அவள் கடித்தது இன்னொருவருக்காக, அதுவும் பேரம் பேசாமல். பழவண்டியில் அந்த வாதம் எடுபடாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மாதிரியைக் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் அந்த மாதிரியின் தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. உதிரிக்காரர்கள் கவனிக்க. வாங்குபவருக்கும் பாதுகாப்பு உண்டு. சாதாரண அறிவும் பொறுமையும் உள்ள யாரும் புகார் சொல்லாத அளவுக்கு அற்பமான தீங்கு குற்றமாகாது என்பது இந்திய தண்டனைச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 33. மெக்காலே தலைமையில் 1837-ல் வரைவு எழுதியவர்கள் இதற்கு விளக்கமாகச் சொன்னது, அடுத்தவர் மைக்கூட்டில் பேனாவைத் தொட்டுக்கொள்வதும் கணக்குப்படி திருட்டுத்தான் என்பது. மெக்காலே 1834-ல் சில மாதம் ஊட்டியில் இருந்தவர். சந்தைப்பக்கம் போயிருந்தால் மைக்கு பதில் வேறு உதாரணம் கிடைத்திருக்கும். இந்தப் பிரிவு ஒரு பழத்துக்கு நிச்சயம் பொருந்தும். ஒரு கைப்பிடிக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளவும்.

ஏ.சி. போட்ட பெரிய கடையில் இந்த மரபு சீர்குலைந்து கிடக்கிறது. திராட்சை பிளாஸ்டிக் பெட்டிக்குள் போய்விட்டது. "இனிக்குமா?" என்று கேட்க ஆளில்லை, தலைக்கு மேல் கேமரா மட்டும் உண்டு. வண்டியில் தலை நிமிர்ந்து ஒரு பழத்தைக் கேட்டு வாங்கித் தின்ற அதே பெரியவர், இங்கே பெட்டியின் மூடியை விரலால் நெம்பி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வாயில் போடுகிறார். பழமும் அதேதான், ஆளும் அதே ஆள்தான். கேட்க ஒருவர் இல்லாததால் ருசி களவாகிவிட்டது. பழப் பகுதியில் ஓர் ஆளை நிறுத்தி "சாப்பிட்டுப் பாருங்க சார்" என்று சொல்ல வைத்தால், தின்பவர்கள் குறைவார்கள், வாங்குபவர்கள் கூடுவார்கள். கடன்பட்ட நாக்கு பில் போடாமல் வெளியே போகாது.

வாசகருக்குத் தீர்ப்பாகச் சொல்வது இவ்வளவே. கேட்டுவிட்டு எடுங்கள். ஒன்றோடு நிறுத்துங்கள். விதையை வண்டிக்கடியில் துப்பாதீர்கள். கொத்தில் தோள்பகுதி முதலில் பழுக்கும், அடிநுனி கடைசியில். ஆகவே தோளிலிருந்து கிள்ளித் தந்தால் நன்றி சொல்லி மறுத்துவிட்டு, நுனியில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அது இனித்தால் அந்தக் கொத்து முழுக்க இனிக்கும். அப்புறம் பேரம் பேசாமல் ஒரு கிலோ போடச் சொல்லுங்கள்.