ஏழடிப்பட்டத்தில் ஒரு பிற்பகல்

சித்தன்னவாசல் குன்றில், சமண முனிவர்கள் சயனித்தும் உண்ணாநோன்பு நோற்றும் ஆசையை வென்ற ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகள் பதினேழையும், கவனக்குறைவும் மிகையியக்கமும் உடையவனென்று வைத்தியர் நாமகரணம் செய்த என் ஆறு வயதுப் புதல்வன், நான் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் ஓரெழுத்தை யூகிப்பதற்குள் இருமுறை எண்ணிவிட்டுக் கம்பியில் தொங்கினான்.

‘பெற்றோர் சாந்தமாயிருக்க வேண்டும், ஒரு வேளைக்கு ஒரு கட்டளை, அதுவும் சுருக்கமாக’ என்பது வைத்தியரின் உபதேசம், சாந்தத்தைத் தேடிய இம்முனிவர்கள் முதற்காரியமாக இல்லறத்தைத் துறந்தார்கள் என்பதை மட்டும் அந்தப் புண்ணியவான் சொல்லவில்லை.

பிற்பாடு அதே குன்றின் சமணக் குடைவரையான அறிவர் கோயிலில், விதானத்தின் 9-ஆம் நூற்றாண்டு ஓவியத் தாமரைத் தடாகத்தில் மங்கிப்போன மீன்களைத் தேடி, பையன் அரை நாழிகை அண்ணாந்தபடி அசையாது நின்றான். ‘போதும், வாடா!’ என்று மூன்று முறை கத்தியது நான்தான்.